அழகுத்தாய்க்கு வாயில் வராத சொல்

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "புள்ள ஆபீசுக்குப் போயிருக்கா" என்று ஒரு தாய் சொன்னால் வெளியூர்க்காரன் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போவான். அங்கே ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. தகரக் கொட்டகை, புழுக்கம், கந்தக வாடை, வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிற பெண்பிள்ளைகள். அந்த வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பவள் அழகுத்தாய். அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரு முக்கில் வரும்போதே அவள் சத்தம் கேட்டுவிடும்.

பசுவந்தனைப் பக்கத்துப் பிறப்பு. கரிசக்காட்டில் பருத்தி எடுத்து, கம்பு அறுத்து, வெயிலில் காய்ந்து வளர்ந்த உடம்பு. அத்தை மகன் சோலைராஜுக்கு வாழ்க்கைப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்தாள். அவனுக்கு ரயில் கூட்ஸ் ஷெட்டில் பருத்திப் பொதி ஏற்றி இறக்கும் வேலை. பிறந்த ஊரில் இருவரும் ஒரே தெருவில் மூக்கொழுகித் திரிந்தவர்கள் என்பதால் புருஷன் என்கிற பயமெல்லாம் அவளுக்குக் கிடையாது. நல்ல குணத்தில் இருந்தால் மச்சான் என்பாள், மற்ற நேரமெல்லாம் "கழிச்சல்ல போவான்".

அந்த வார்த்தையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முந்தின தலைமுறையில் வீடு வீடாக வாரிக்கொண்டு போன வாந்திபேதிக்கு அந்தப் பக்கத்தில் கழிச்சல் என்று பேர். நோய் போய் வெகுகாலமாகி, பேர் மட்டும் வசவாக வாயில் தங்கிவிட்டது. அழகுத்தாய்க்கு வைவதற்கும் அதுதான், கொஞ்சுவதற்கும் அதுதான். "ஏ கழிச்சல்ல போவா, அந்தச் சட்டத்தை இங்கிட்டுத் தள்ளுட்டி" என்பாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தால், "கழிச்சல்ல போவா எப்படி இருக்கா பாரேன்" என்பாள். யாரும் வருத்தப்பட்டதில்லை. ஒருநாள் அவள் அப்படி வையாவிட்டால்தான் என்னவோ ஏதோ என்று பக்கத்தில் இருப்பவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அறுபத்துநாலு வாக்கில் அந்தப் பேர் திரும்பவும் நோயாக வந்தது. எங்கேயோ கடலுக்கு அப்பால் தொடங்கி, தேசம் தேசமாகத் தாண்டி, கல்கத்தா வந்து, மெட்ராஸ் வந்து, ரயிலேறித் தெற்கே வருகிறது என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் காலரா. அந்தக் கோடையில் ஊருணிகள் வெடித்துப்போய்க் கிடந்தன. ஒரு குடம் தண்ணீருக்கு விடியற்காலையிலேயே வரிசை போட வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தச் செய்தியும் வர வேண்டுமா என்று இருந்தது ஊருக்கு.

ஆபீசில் குச்சி அடுக்குகிற கைகள் நிற்கவில்லை. வாய்களும் நிற்கவில்லை. எல்லாம் பதினெட்டும் இருபதும் ஆன பிள்ளைகள், கழிச்சலைக் கண்ணால் பார்த்தது ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் தெரியாத சங்கதி என்று எதுவும் கிடையாது. கருவாடு தின்றால் வரும் என்றாள் ஒருத்தி. சின்ன வெங்காயத்தை இடுப்பில் முடிந்துகொண்டால் அண்டாது என்றாள் இன்னொருத்தி. ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிடும், ஏன் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம் என்றாள் பாலம்மாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லித் தண்டோரா போட்டதைப் பற்றி யாருமே பேசவில்லை. விறகு விற்கிற விலையில் எவள் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள்?

கங்காணி சாமித்துரை அண்ணாச்சி ஒருநாள் காலை வேலை தொடங்கும் முன்னே நடுவில் வந்து நின்றார்.

"இங்க பாருங்க பிள்ளைகளா, இன்னையிலேர்ந்து அந்த வார்த்தைய ஆரும் வாயில எடுக்கப்படாது. பேரச் சொன்னா வந்து நிக்கும். அழகுத்தாயி, ஒனக்குத்தான் சொல்லுதேன்."

"நான் என்ன அண்ணாச்சி கூப்பிட்டா வச்சிருக்கேன்? அது பாட்டுக்கு வாயில வருது."

"வராம பாத்துக்கோ. ஒன் ஒருத்தி வாயால இந்த ஊருக்கே வந்துரும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அழகுத்தாயும் சிரித்தாள். ஆனால் மனசில் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து நாக்கைக் கட்டப் பார்த்தாள். பழகின வாய் கேட்குமா? "ஏ கழி..." என்று தொடங்கிச் சட்டென்று நிறுத்தி, "கருப்பட்டில போவா" என்று முடிப்பாள். கொட்டகை முழுக்கக் கொல்லென்று சிரிக்கும். கொஞ்ச நாளில் எல்லோருமே ஒருவரை ஒருவர் கருப்பட்டியில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வாரமே ஊசிக்காரர்கள் ஆபீசுக்கு வந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர், பெட்டி தூக்குகிற ஆள், ஸ்பிரிட் வாடை. வாசலில் சைக்கிளைப் பார்த்ததுமே பின்சுவர் ஏறிக் குதித்துப் பருத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் பாதிப் பேர். முதலில் குதித்தவள் அழகுத்தாய். ஊசி போட்டால் கை வீங்கிக் காய்ச்சல் வரும் என்பது சின்னப் பயம். பெரிய பயம் வேறு. ஊசி போட்ட பெண்ணுக்கு வயிறு வறண்டுபோகும், ஆம்பிளைக்கும் அப்படித்தான், இனிமேல் பிள்ளை தங்காது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். எவன் என்று தெரிந்தால் செருப்பால் அடிக்கலாம். கல்யாணமாகி மூன்று வருஷமாக வயிற்றில் ஒன்றும் தங்காமல் காளியம்மன் கோவிலுக்கு நடையாய் நடக்கிறவளிடம் போய் இப்படிச் சொன்னால் அவள் சுவர் ஏறிக் குதிக்காமல் என்ன செய்வாள்?

கூட்ஸ் ஷெட்டுக்கும் ஊசிக்காரர்கள் போனார்கள். சோலைராஜ் போட்டுக்கொள்வதாகத்தான் இருந்தான். முந்தின நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"ஊசி போட்டுக்கிட்டு வீட்டுப் பக்கம் வந்திராத மச்சான். அப்புறம் நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கோ."

"எல்லாரும் போடுதானுவள்ளா?"

"எல்லாருக்கும் வீட்டுல பிள்ள இருக்கு. ஒனக்கு இருக்கா?"

அவன் மறுநாள் ஊசிக்காரர்கள் போகும்வரை பொதிகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. அழகுத்தாய் இருட்டோடு போய் வரிசையில் நின்று, இரண்டு பேரோடு சண்டை போட்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். சோலைராஜ் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து குடத்தில் கால் இடித்தான். குடம் உருண்டது. தண்ணீர் முழுவதும் வாசல் கரிசலில் போய், ஒரு விநாடியில் இருந்த இடம் தெரியவில்லை.

அழகுத்தாய்க்கு வந்ததே கோபம். கருப்பட்டியாவது ஒன்றாவது. "கழிச்சல்ல போவான், கண்ணு பொட்டையா ஒனக்கு? கழிச்சல் வந்து வாரிட்டுப் போகாதா ஒன்னய" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அந்த வளவில் ஆறேழு வீடு. எதிர்வீட்டு ஷம்சாத் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பலசரக்குக் கடை அல்லாபிச்சை பாயின் மகள் அவள். எட்டயபுரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அழகுத்தாய் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சோலைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நீராகாரம்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டான்.

எங்கே குடித்த தண்ணீரோ, எதில் இருந்ததோ, யார் கண்டார்கள்? மத்தியானம் ஆபீசுக்கு ஆள் வந்தது. சோலைராஜ் வேலையில் தலை சுற்றுகிறது என்று வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறானாம். அழகுத்தாய் ஓடிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குள் வாடையே வேறாக இருந்தது. பின்பக்கம் போய்ப் போய் வந்து, எழுந்திருக்க முடியாமல் பாயிலேயே கிடந்தான். கஞ்சித்தண்ணீர் மாதிரி போனது. வாந்தியும் அப்படியே. அரைநாளில் கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, வேறு யாரோ ஒருவன் முகமாக இருந்தது.

அவளுக்கு எது என்று உடனே தெரிந்துவிட்டது. காலையில் தான் கூப்பிட்டது, மத்தியானம் வந்து நிற்கிறது. என் வாய்தானே, என் நாறவாய்தானே என்று கையால் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அடுக்களைக்குப் போய் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு நாக்கு எரிய எரியக் கொப்பளித்தாள். பிறகு காளியம்மன் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, தெரியாமச் சொல்லிட்டேன். இனி அந்த வார்த்தை என் வாயில வராது. வந்தா இந்தத் தாலிய நீயே எடுத்துக்கோ."

இப்படி ஒரு சத்தியத்தை யாராவது செய்வார்களா? பயம் செய்யச் சொல்லும். பயந்தவளுக்குக் கணக்குப் பார்க்கப் பொழுது ஏது?

கதவைச் சாத்திக்கொண்டாள். வளவில் தெரிந்தால் முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிடுவார்கள், அவர்கள் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில் போடுவார்கள், அங்கே போனவன் திரும்பி வரமாட்டான் என்பது ஊர் பேச்சு. அது மட்டுமில்லை, காலையில் அவள் வாய்விட்டதை வளவே கேட்டிருக்கிறது. புருஷனைத் தின்றவள் என்று ஒரு பேர் போதாதா, மிச்ச ஆயுசுக்கு? ஓமத்தை வறுத்துக் கஷாயம் வைத்தாள். வாயில் வைத்ததும் அதுவும் வெளியே வந்தது.

"அழகு, தண்ணி."

"கொஞ்சம் பொறுத்துக்கோ மச்சான்."

"நெஞ்சு காயுதுட்டி. ஒரு வாய்."

போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போகும், நிற்கவே நிற்காது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒட்டுமொத்த ஊரும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தது. அதனால் கொடுக்கவில்லை. துணியை நனைத்து உதட்டில் மட்டும் தடவினாள். அவன் அந்தத் துணியைப் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தான். அதையும் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அவன் மேல் உயிரை வைத்திருந்ததால்தான் பிடுங்கினாள், அதை நாம் மறந்துவிடக் கூடாது.

சாயங்காலம் காலியான நல்லெண்ணெய்ப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அந்தக் காலத்தில் மருந்து வேண்டுமென்றால் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"என்னம்மா செய்யுது?"

"எனக்கில்லண்ணாச்சி, வீட்டுக்காரருக்கு. வயிறு கொஞ்சம் மந்தமா இருக்கு."

"பேதியா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்லண்ணாச்சி. மந்தம். ரெண்டு மட்டம் போச்சு."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "வாந்தி உண்டா? மறைக்காம சொல்லு தாயி. அப்படின்னா ஆளக் கொண்டாந்து பின்னால ஷெட்டுல சேக்கணும். மிக்சர் ஒண்ணும் கேக்காது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தலையை ஆட்டினாள். அவர் போத்தலில் ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். பாவம், அவர் என்ன செய்வார்? சொன்னதற்குத்தானே மருந்து கொடுக்க முடியும்.

மறுநாள் விடிந்தபோது சோலைராஜுக்குக் குரல் போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கெண்டைக்கால் சதை உருண்டு உருண்டு இழுத்துக்கொண்டது. கையைத் தொட்டால் மண்பானையைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கி, வெகுநேரம் தண்ணீரில் துணி துவைத்தவன் விரலாக இருந்தது. அழகுத்தாய் அந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே, காளியம்மா காளியம்மா என்றாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கதவு தட்டப்பட்டது. ஷம்சாத்.

"அக்கா, நேத்துலேர்ந்து கதவு தெறக்கவே இல்ல. அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல ஷம்சு. வயித்து வலி."

"கதவத் தெறங்க."

"நீ போ தாயி. கல்யாணத்த வச்சிக்கிட்டு இங்கன வராத."

ஷம்சாத் போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். அவளுக்கும் வயது பத்தொன்பதுதான். அவளுக்கும் உயிர்ப்பயம் உண்டு. ஓடித்தான் போனாள். ஆனால் ஓடியது கடைக்கு. கொஞ்ச நேரத்தில் அல்லாபிச்சை பாய் கடைச் சரக்கு ஏற்றுகிற ஒற்றை மாட்டு வண்டியை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியில் சாக்கு விரித்திருந்தது.

"வயித்து வலின்னு சொன்னா எம்மக" என்றார் பாய், வாசல்படியில் நின்றுகொண்டு.

"ஆமா பாய். வயித்து வலிதான்."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

அழகுத்தாய், பாய், பாயோடு வந்த ஷம்சாத், மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் சொல்லவில்லை. பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு சோலைராஜைத் தலைப்பக்கம் தூக்க, அழகுத்தாய் கால் பக்கம் தூக்கினாள். பொதி சுமக்கிற அந்த உடம்பு கனமே இல்லாமல் வந்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

பெரியாஸ்பத்திரி வாசலில் காலை வரிசை மரத்தடி வரைக்கும் நின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல், கால் புண், கண் வலி. வாசல் பியூன் கையை நீட்டி வண்டியை நிறுத்தினான்.

"என்ன கேசு?"

"வயித்து வலி" என்றாள் அழகுத்தாய்.

"அப்ப எறக்கி வரிசையில ஒக்காத்து. டாக்டர் கூப்பிடுவாரு."

வரிசையைப் பார்த்தாள். முன்னால் அத்தனை தலை. வண்டியைப் பார்த்தாள். சோலைராஜின் கண் பாதி திறந்திருந்தது, அது எதையும் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஒரு மண்பாதை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போனது. அந்தப் பாதை நெடுகச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் வெள்ளையாகக் கிடந்தன. அந்தப் பக்கம் வரிசை கிடையாது. அந்தப் பக்கம் போக ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும்.

சொன்னால் தாலி போகும் என்று தானே சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லாவிட்டால் இந்த வரிசையிலேயே போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் அவனைக் கொல்லப்போவது தன் வாய்தான் என்று தோன்றியது. பாய் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவராகச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார் போல. ஆனால் அது அவர் வீட்டுச் சங்கதி இல்லையே, அடுத்த வீட்டுக்காரன் சாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி என்று அவருக்கும் தயக்கம்.

"என்னம்மா நிக்க, வழிய விடு" என்றான் பியூன்.

"கழிச்சல்" என்றாள் அழகுத்தாய்.

முதலில் காற்றாகத்தான் வந்தது. பியூன் என்ன என்று காதைத் திருப்பினான். அவள் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"கழிச்சல்ண்ணாச்சி. எம் மச்சானுக்குக் கழிச்சல். நேத்து மத்தியானத்துலேர்ந்து போகுது. மறைச்சு வச்சிட்டேன். தூக்குங்க."

அவ்வளவு பெரிய வரிசை இருந்த இடம் தெரியவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கால் புண்காரன்கூட ஓடினான். இரண்டு ஆட்கள் தூக்குக் கட்டிலோடு ஓடிவந்தார்கள். அழகுத்தாய் பின்னாலேயே போனாள். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தகர ஷெட்டு ஊர் சொன்ன மாதிரி இல்லை. சொன்ன மாதிரி இருந்தாலும் அதைப் பார்க்க அவளுக்குக் கண் இல்லை. அவன் கை மடிப்பில் நரம்பு கிடைக்காமல் டாக்டர் குத்திக் குத்திப் பார்த்தார். கடைசியில் காலில் கீறி ஊசியை ஏற்றினார்கள். மேலே கம்பியில் ஒரு போத்தலைத் தொங்கவிட்டார்கள். அதில் வெறும் தண்ணீராக இருந்தது.

"இது என்ன மருந்தும்மா?" என்று நர்ஸம்மாவைக் கேட்டாள்.

"உப்புத் தண்ணி."

"தண்ணியா?"

"உடம்புல இருந்த தண்ணி பூராம் வெளிய போயிட்டுல்லா? அத உள்ள ஏத்துதோம். வேற என்ன? வீட்டுல குடிக்கத் தண்ணி கேட்டிருப்பாரே, குடுத்தியா?"

அழகுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பல்லில் கடித்த அந்தத் துணிதான் கண் முன்னால் நின்றது. நர்ஸம்மாவுக்கும் இதெல்லாம் புதிதில்லை. வந்த பேரெல்லாம் அப்படித்தான் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

"சரி, போனதப் பேசி என்ன செய்ய? இங்க ஒக்காரு. ஒண்ணுக்குப் போனா உடனே என்னயக் கூப்பிடு."

"என்னது?"

"மூத்திரம். தண்ணி வத்தி உள்ள எல்லாம் நின்னு போயிருக்கு. ஒண்ணுக்குப் போயிட்டாருன்னா ஆளு பொழைச்சாரு. போகலைன்னா..." என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

போகலைன்னா என்னவென்று அவள் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அடுத்த கட்டில் காலியாகி, அதில் பவுடரைத் தூவியபோது அழகுத்தாய்க்கு விளங்கிவிட்டது.

போத்தல் காலியாகும், வேறு போத்தல் வரும். கை சூடாயிற்று, குரல் கொஞ்சம் திரும்பிற்று, வயிற்றுப் போக்கும் குறைந்தது. ஆனால் ஒண்ணுக்கு மட்டும் போகவில்லை. டாக்டர் வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "யூரின் பாஸ் பண்ணினாரா?" நர்ஸம்மா அவளைப் பார்ப்பாள். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். முதலில் ஆம்பிளை டாக்டர் முன்னால் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ. டாக்டர் முகம் ஒவ்வொரு தடவையும் இறுகிக்கொண்டே வந்தது. அவள் தாலியை ரவிக்கைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டாள். வார்த்தையைச் சொல்லிவிட்டேனே, ஆத்தா கணக்குத் தீர்க்கப் போகிறாளே என்று வேர்த்துக் கொட்டியது. எல்லோரும் வரம் கேட்கிற மாதிரியா அவள் கேட்டாள்? "காளியம்மா, எனக்குப் பிள்ளைகூட வேண்டாம் தாயே. அவிய ஒண்ணுக்குப் போனாப் போதும்."

இடையில் ஷம்சாத் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே விடமாட்டார்கள்.

"அக்கா, முனிசிபாலிட்டிக்காரவிய நம்ம வளவு பூராம் பவுடரு அடிச்சிட்டுப் போயிருக்காவ. ஒங்க பானையெல்லாம் ஒடைச்சிட்டாவ."

"ஒடைக்கட்டும். ஏசுதாளுவளா என்னய?"

"ஏசத்தான் செய்யுதாவ" என்றாள் ஷம்சாத். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பிறகு வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் ஊசி போட்டுக்கிட்டேன்க்கா" என்றாள்.

"ஏட்டி, கல்யாணம் ஆகப்போற பிள்ள."

"உம்மா அழுவுது. எட்டயபுரத்துக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்களோன்னு. நான் அண்ணன் மொகத்தப் பாத்தேன்லா. பிள்ள பெறுறதுக்கு மொதல்ல நான் இருக்கணும்லாக்கா."

அழகுத்தாய் பொதிகளுக்கு நடுவில் ஒளிந்து படுத்துவிட்டு வந்த தன் புருஷனை நினைத்துக்கொண்டாள். நெஞ்சு எரிந்தது.

அதற்கும் மறுநாள் காலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊசி போட்டார்கள். ஷம்சாத் போய்ச் சொன்னாளோ, சோலைராஜ் செய்தி தானாகவே பரவிற்றோ, ஆபீஸ் பிள்ளைகள் மொத்தமும் வந்துவிட்டார்கள். சாமித்துரை அண்ணாச்சி முன்னால் நின்றார். நின்றாரே தவிரச் சட்டையை மடக்கவில்லை. பாலம்மாள் நீ போ நீ போ என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டு தான் பின்னால் நழுவினாள். இடுப்பில் அந்தச் சின்ன வெங்காயம் முடிச்சாகத் தெரிந்தது. ஊசிக்காரர் ஊசியை நெருப்பில் காட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

ஷெட்டுக்குள் சோலைராஜ் கண்ணைத் திறந்தான்.

"அழகு."

"என்ன மச்சான்? வாந்தி வருதா?" என்று சட்டியை எடுத்தாள்.

இல்லை என்று தலையை அசைத்தான். உதடு என்னவோ சொல்லிற்று. காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"முட்டுது."

"எங்கன? நெஞ்சுலயா?"

"இல்லட்டி. அடிவயிறு. ஒண்ணுக்கு."

அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நர்ஸம்மாவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த எனாமல் பாத்திரத்தை எடுத்து வைத்துப் பிடித்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவன் முகம் கோணியது. அவள் மூச்சே விடவில்லை. பிறகு சொட்டென்று ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் மெல்லிய சத்தத்தோடு கொஞ்சம். கடுங்காப்பி நிறம், ஒரு கை அள்ளக்கூடக் காணாது.

நர்ஸம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "போ, பொழைச்சிட்டாரு ஒன் மச்சான்."

அழகுத்தாய் எழுந்தாள். பாத்திரத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே நடந்தாள். நர்ஸம்மா ஏய் ஏய் என்று பின்னால் வந்தாள். வெள்ளைப் பவுடர் பாதையில் போய், வராந்தாவுக்கு எதிரே, வெயிலில் நின்றாள். ஆபீஸ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சாமித்துரை அண்ணாச்சி பார்த்தார். ஷம்சாத் பார்த்தாள். தலை கலைந்து, சேலை அழுக்காகி, கையில் பாத்திரத்தோடு நிற்கிறவளைப் பார்த்து, முடிந்துவிட்டது போல என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டாவ" என்றாள் அழகுத்தாய்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஏட்டி, எங்க மச்சான் ஒண்ணுக்குப் போயிட்டாவட்டி. இங்க பாருங்க, வந்து பாருங்களேன்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆபீசாக இருந்தால் கொட்டகை அதிர்ந்திருக்கும். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். நர்ஸம்மா குனிந்து பாத்திரத்தை வாங்கப் பார்த்தாள். அவள் கொடுக்கவில்லை.